மசக்கையும் சீன ஊசியும்: உழைக்கும் மாதருக்கு வேண்டுவது என்ன?

"உலகத்தில் எவளும் பிள்ளை பெற்றதில்லையா? உனக்கு மட்டும் என்ன அதிசய வாந்தி?"

நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேமில் வேலை செய்யும் ஒரு பெண் தொழிலாளியைப் பார்த்து மேற்பார்வையாளர் கேட்ட கேள்வி இது. அந்தப் பெண்ணுக்கு அப்போது இரண்டாவது மாதம். ஒரே ஷிப்டில் நான்கு தடவை கழிப்பறைக்கு ஓடினார். ஐந்தாவது தடவை ஓடித் திரும்பியபோது அரைநாள் கூலி வெட்டு என்றார்கள். மறுநாள் அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை.

வாரக் கடைசியில் அவருடைய கணவர் நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். கூலி வெட்டைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு. "தோழரே, பக்கத்து ஊரில் ஒருவர் சீன ஊசி வைத்தியம் செய்கிறார். பத்துத் தடவை வந்தால் வாந்தி நின்றுவிடும் என்கிறார். ஒரு தடவைக்கு 500 ரூபாய். நர்ஸ் அம்மா கொடுத்த மாத்திரையை எல்லாம் தூக்கி எறியச் சொல்கிறார். போகலாமா?"

பத்துத் தடவைக்கு 5,000 ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. ஆகவே அவர் கேட்ட கேள்வி லேசான கேள்வி அல்ல. இதே கேள்வியை வேறு தோழர்களும் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். "எல்லாம் மூட நம்பிக்கை" என்று சிரித்துத் தள்ளுவதும் தவறு. "சீனாவிலிருந்து வந்தது, ஆகவே சரியாகத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் தவறு. உண்மை விவரங்களைப் பார்த்து முடிவு செய்வோம்.

மசக்கை சாக்கு அல்ல

முதலில் மசக்கையைப் பற்றி. கர்ப்பிணிகளில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. பெரும்பாலும் ஒன்றரை மாதம் வாக்கில் தொடங்குகிறது. ஒன்பது, பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது. நான்கு, ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடுகிறது. "காலை நோய்" என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் தவறு. அது காலையில் மட்டும் வருவதல்ல; முதல் ஷிப்டிலும் வரும், ராத்திரி ஷிப்டிலும் வரும், நடவு வயலில் நட்ட நடு வெயிலிலும் வரும்.

பெண்ணின் மனப்பிரமை, செல்லம், வேலைக்கள்ளத்தனம் என்றெல்லாம் இதற்கு நெடுங்காலம் பழி சொன்னார்கள். படித்த வைத்தியர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள விஞ்ஞானிகள் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி அந்தப் பழிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கருவும் நச்சுக்கொடியும் உற்பத்தி செய்யும் ஒரு ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. ஜி.டி.எஃப்.15 என்பது அதன் பெயர். மூளையின் பின்னடியில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் போய் அது வேலை செய்கிறது. கர்ப்பத்துக்கு முன் எந்தப் பெண்ணின் உடம்பில் அந்தச் சரக்கு குறைவாக இருந்ததோ, அவருக்குத் திடீரென்று அது கூடும்போது கஷ்டம் அதிகம். ஒருத்தி நன்றாக நடமாடுவதற்கும் இன்னொருத்தி சுருண்டு படுப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நூற்றில் ஓரிருவருக்கு இது ஆபத்தாக முற்றுகிறது. குடித்த தண்ணீர்கூடத் தங்காது, உடல் எடை இறங்கும், சிறுநீர் வற்றும். இது மசக்கை என்று வீட்டோடு வைத்திருக்க வேண்டியதல்ல. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ், உப்புநீர் ஏற்ற வேண்டிய வியாதி.

ஊசியின் கதை

இனி ஊசிக்கு வருவோம். உடம்பின் குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய ஊசியைக் குத்தி நோவைத் தணிக்கும் முறை சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. ஆனால் அதை எப்போதும் அரண்மனை ஆதரித்து வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். 1822-ல் மஞ்சூ சக்கரவர்த்தி அதைத் தன் அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து நீக்கினார். 1929-ல் கோமிங்டாங் சர்க்கார் நாட்டு வைத்தியம் முழுவதையுமே ஒழிக்கத் தீர்மானம் போட்டது. ஊசி கிராமத்து ஏழைகளிடம் தங்கியது.

யேனான் குகைகளில் தங்கிப் போராடிய செம்படைக்கு மருந்து கிடைக்கவில்லை, டாக்டர்களும் போதவில்லை. அந்த நெருக்கடியில்தான் கையில் உள்ள ஊசியையும் பயன்படுத்துவது என்று கட்சி முடிவு செய்தது. மேல்நாட்டு வைத்தியம் படித்த ஜூ லியான் என்ற பெண் தோழர் இந்த வேலையில் இறங்கினார். 1951-ல் பீக்கிங்கில் அக்குபங்சர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவராகவும் ஆனார். பழைய மந்திரப் பேச்சை ஒதுக்கிவிட்டு, ஊசி நரம்பு மண்டலத்தின் வழியாக எப்படி வேலை செய்கிறது என்று விளக்க முயன்றவர் அவர். 1965-க்குப் பின் கிராமம் கிராமமாகப் போன "வெறுங்கால் டாக்டர்"களின் பையிலும் ஊசி இருந்தது. ஊசியோடு தடுப்பு மருந்தும் இருந்தது. சுத்தமாகப் பிரசவம் பார்க்கும் பயிற்சியும் இருந்தது. ஊசி மட்டும் போதும், மற்றதெல்லாம் விஷம் என்று அவர்கள் சொல்லவில்லை.

இதில் நமது நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய சீன மக்களுக்கு உதவியாக 1938-ல் இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அவர்களில் ஒருவர் ஆலை நகரமான ஷோலாப்பூரில் பிறந்த துவாரகநாத் கோட்னிஸ். 1942 டிசம்பர் 9-ந் தேதி சீன மண்ணிலேயே அவர் உயிர் நீத்தார். அவரோடு போன இன்னொருவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. அவர் 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று இந்த வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு வந்து, கல்கத்தாவில் ஏழைகளுக்குச் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் அக்குபங்சர் வேர் பிடித்தது அவரால்தான். 1996-ல் இடது முன்னணி அரசு இருந்தபோது மேற்கு வங்கத்தில் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

இந்த வரலாறு நமக்குப் பெருமைதான். ஆனால் வரலாற்றுப் பெருமையால் வாந்தி நிற்காது. நிற்குமா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை என்ன சொல்கிறது?

மசக்கைக்குச் சீன வைத்தியர்கள் பயன்படுத்தும் முக்கியமான இடம் கையில் இருக்கிறது. நெய்குவான் என்று அதற்குப் பெயர். உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். மணிக்கட்டு ரேகைக்கு மேல், முழங்கைப் பக்கமாக, அவரவர் மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகள்போல் தட்டுப்படும் இடத்துக்கு நடுவில் அது இருக்கிறது.

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தில் டண்டீ என்ற மயக்க மருந்து டாக்டரும் அவருடைய சகாக்களும் 350 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த சோதனை 1988-ல் வெளிவந்தது. ஊசி இல்லை, விரலால் அழுத்துவது மட்டும்தான். ஒரு பகுதியினர் நெய்குவானை அழுத்தினார்கள். இன்னொரு பகுதியினர் முழங்கை அருகே சம்பந்தமில்லாத இடத்தை அழுத்தினார்கள். மூன்றாவது பகுதியினர் ஒன்றும் செய்யவில்லை. நெய்குவானை அழுத்தியவர்களுக்கே தொல்லை மிகக் குறைவு. ஆனால் சம்பந்தமில்லாத இடத்தை அழுத்தியவர்களுக்கும், சும்மா இருந்தவர்களைவிடத் தொல்லை குறைந்தது!

2002-ல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் 593 கர்ப்பிணிகளுக்கு ஊசி வைத்தே சோதித்தார்கள். முறையாக ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு முதல் வாரத்திலேயே குமட்டல் குறைந்தது. நெய்குவானில் மட்டும் குத்திக்கொண்டவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் குறைந்தது. பெயருக்குப் பொய் இடத்தில் குத்தப்பட்டவர்களுக்கும் மூன்றாம் வாரத்தில் குறைந்தது. ஆனால் வாந்தி? அதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

2015-ல் இத்தகைய 41 சோதனைகளை ஒன்று சேர்த்து, 5,449 பெண்களின் விவரத்தை அலசிப் பார்த்த அறிஞர்கள், எந்த ஒரு முறைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை, சிலவற்றுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது என்று எழுதினார்கள். 2023-ல் சீனத்தில் 13 ஆஸ்பத்திரிகளில், மிதமான அல்லது கடுமையான மசக்கை உள்ள 352 பெண்களுக்கு ஊசியையும் மாத்திரையையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசியும் ஓரளவு பலன் தந்தது. மாத்திரையும் ஓரளவு பலன் தந்தது. இரண்டும் சேர்ந்தபோது கூடுதல் பலன் தெரிந்தது. எதுவும் அற்புதம் செய்யவில்லை. பிரிட்டனின் அரசாங்க வைத்திய வழிகாட்டியும் 2021-ல் இதைத்தான் சொன்னது: மசக்கை கடுமையானால், மற்றச் சிகிச்சையோடு துணையாக அழுத்த முறையையும் சேர்த்துக்கொள்ளலாம். "துணையாக" என்ற வார்த்தையைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

இதிலிருந்து நாம் காண்பது என்ன? நெய்குவானுக்கு ஏதோ ஒரு சக்தி இருக்கலாம். அது சிறிய சக்தி. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. பொய் இடத்தில் குத்தப்பட்ட பெண்களுக்கும் ஏன் குறைந்தது? ஆராய்ச்சிக்காரர்கள் பல காரணம் சொல்வார்கள். உழைப்பாளி வர்க்கத்தின் கண்ணுக்குப் படும் ஒரு காரணத்தை நாம் சொல்கிறோம். அந்தப் பெண்கள் கொஞ்ச நேரம் அமைதியாகப் படுத்தார்கள். "உனக்கு எப்படி அம்மா இருக்கிறது?" என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார். கேட்டதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

ரிங் பிரேமில் நிற்கும் பெண்ணுக்கு இந்த அரைமணி நேரத்தை யார் கொடுக்கிறார்கள்? களையெடுக்கும் பெண்ணை வரப்பில் உட்காரச் சொல்வது யார்?

இரண்டு வகை வியாபாரிகள்

மாத்திரையை நம்பாதே, ஊசியை நம்பு என்று சொல்பவர்கள் ஒரு நியாயமான கோபத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கு நல்லது, மசக்கைக்கு நல்லது, துளியும் ஆபத்தில்லை என்று விளம்பரம் செய்தார்கள். கருவுக்கு என்ன ஆகும் என்று ஒழுங்காகச் சோதிக்காமலே விற்றார்கள். 1961 நவம்பரில் அதை வாபஸ் வாங்குவதற்குள் பற்பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்துவிட்டன. லாபத்துக்காகத் தாய்மாரின் வயிற்றைச் சந்தையாக்கிய குற்றம் அது.

மறுபக்கத்தையும் பாருங்கள். வைட்டமின் பி-6-உம் டாக்சிலமைன் என்ற மருந்தும் சேர்ந்த மாத்திரை ஒன்று மசக்கைக்கு உதவியாக இருந்தது. கருவைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் வழக்குச் செலவு கட்டுப்படியாகாது என்று 1983-ல் அமெரிக்கக் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு கழித்து 2013-ல் அதே சரக்கு அங்கே புதுப் பெயரில், கொள்ளை விலையில் மறுபடியும் கடைக்கு வந்தது. தாய்மாரின் கஷ்டம் அந்த முப்பது ஆண்டும் அப்படியேதான் இருந்தது. முதலாளி கணக்குப் பார்த்தது கஷ்டத்தை அல்ல, லாபத்தை.

ஆனால் இந்தக் கோபத்தைக் காசாக்கும் இரண்டாவது வகை வியாபாரி இருக்கிறார். கம்பெனி மாத்திரை விஷம், தடுப்பூசி விஷம், ஸ்கேன் விஷம், ஆஸ்பத்திரி கொள்ளைக்கூடம், என்னிடம் மட்டும் வா என்கிறார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே பிரசவம் நடந்து தாயும் சேயும் மாண்டார்கள். சிகிச்சை பார்த்துவந்த அக்குபங்சர்காரரும் அந்த வழக்கில் கைது செய்யப்பட்டார். கோட்னிசும் பாசுவும் கொண்டு சென்ற கொடி இதுவா? அவர்கள் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர்கள்; ஆஸ்பத்திரியை விட்டு ஓடச் சொன்னவர்கள் அல்ல.

ஆகவே அளவுகோல் இதுதான். எந்த வைத்தியர் "நர்ஸ் அம்மா கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறி" என்கிறாரோ, அவர் எந்த நாட்டு வைத்தியம் செய்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

கையே போதும்

போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்கப் போவதில்லை. நெய்குவானை அழுத்துவதற்கு 500 ரூபாய் எதற்கு? மேலே சொன்ன இடத்தைக் கண்டுபிடித்து, மறுகைக் கட்டைவிரலால் சில நிமிஷம் நிதானமாக அழுத்த வேண்டும். பிறகு அடுத்த கை. குமட்டல் வரும்போதெல்லாம் செய்யலாம். மாமியாரோ, கணவரோ, பக்கத்து பிரேம் தோழியரோ செய்துவிடலாம். பலன் இருந்தால் சந்தோஷம்; இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. படுக்கையை விட்டு எழுமுன் பொரியோ ரஸ்க்கோ கொஞ்சம் வாயில் போடுவது, வயிற்றைக் காலியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, இஞ்சி சேர்த்துக்கொள்வது ஆகியவையும் சிலருக்கு உதவுகின்றன.

ஊசிதான் வேண்டும் என்றால், முறையாகப் படித்தவரிடம், உறை பிரிக்காத புது ஊசியால், ஒரு தடவை பயன்படுத்தியதும் எறிந்துவிடும் ஊசியால் மட்டுமே குத்திக்கொள்ள வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்கு மஞ்சள் காமாலையைக் கொண்டுபோகும். கர்ப்பிணி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையிலும், உள்கணுக்காலுக்கு மேலும் கர்ப்பிணிக்குக் குத்தக்கூடாது என்று சீன மரபே ஒதுக்கி வைத்திருக்கிறது.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் வெகு நேரம் போகவில்லை அல்லது கறுத்துப் போகிறது, எழுந்தால் மயக்கம் வருகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி - இதில் ஒன்று கண்டாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை குமட்டினால் நிறுத்திவிடாமல், எப்போது எப்படிச் சாப்பிடலாம் என்று கிராம சுகாதார நர்ஸைக் கேளுங்கள்.

சட்டத்தின் ஓட்டை

இனி உண்மையான மருந்துக்கு வருவோம். 1961-ம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டத்தை 2017-ல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் கூலியோடு லீவு என்றார்கள். போராடிப் பெற்ற உரிமை அது, வரவேற்கிறோம். ஆனால் பிரசவத்துக்கு முன்னால் அதில் எடுக்கக்கூடியது எட்டு வாரம்தான். மசக்கை வருவதோ இரண்டாம், மூன்றாம் மாதத்தில்! அப்போது என்ன செய்வது? கர்ப்பத்தால் வரும் நோய்க்கு ஒரு மாதம் வரை கூலியோடு லீவு பெறும் வழி அந்தச் சட்டத்திலேயே இருந்தது. இப்போது அந்த ஷரத்துகள் 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. இ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. இது எத்தனை பெண் தொழிலாளிகளுக்குத் தெரியும்? தெரிந்தால் எத்தனை பேருக்குக் கேட்கத் துணிவு வரும்? காண்டிராக்ட் தொழிலாளியும் ஹாஸ்டலில் அடைக்கப்பட்ட இளம் பெண்களும் கர்ப்பம் என்று சொன்னாலே வேலை போகும் என்று பயப்படுகிறார்கள்.

விவசாயத் தொழிலாளிக்கு இந்த லீவும் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மாநில அரசுத் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணை தவணையாகக் கிடைக்கிறது. அதைப் பெறுவதற்கு முதல் மூன்று மாதத்துக்குள் நர்ஸிடம் பதிவு செய்வது அவசியம். ஆனால் நாற்றங்காலில் குனியும் பெண்ணுக்கு அன்றன்றைக் கூலிதான் அன்றன்றைச் சோறு. வாந்தி எடுத்த அன்று அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

நமது கோரிக்கை

பஞ்சுத் தூசியும் எண்ணெய் நாற்றமும் இல்லாத இடத்தில், உட்கார்ந்து செய்யும் லேசான வேலையைக் கர்ப்பிணிக்கு முதல் மாதத்திலிருந்தே கொடு! கழிப்பறைக்குப் போகும் நேரத்துக்குக் கூலியை வெட்டாதே! ஒவ்வொரு ஷிப்டிலும் படுத்து ஓய்வெடுக்க ஓர் அறையும் அரைமணி நேரமும் ஒதுக்கு! மசக்கைக்கால லீவைக் கூலியோடு கொடு! விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குக் கர்ப்ப காலக் கூலி இழப்பைச் சர்க்கார் ஈடு செய்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் மசக்கை மாத்திரை எப்போதும் இருக்கட்டும். நெய்குவானை அழுத்தக் கற்றுக்கொடுக்கும் நர்ஸும் இருக்கட்டும்!

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேற்பார்வையாளர் கேட்ட கேள்வியை நம்மில் சிலரும் வீட்டில் கேட்டிருக்கிறோம். தாளிக்கும் வாசனையில் மனைவி மயங்கி விழும்போது, அடுப்படிக்கு நாம் போனால் சங்கத்தின் கௌரவம் குறைந்துவிடாது.

அந்தப் பெண் தொழிலாளியைத் தோழர்கள் அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கையை அழுத்திக்கொண்டால் கொஞ்சம் தேவலை என்று அவரே சொன்னார். வெட்டிய கூலியைத் திருப்பிக் கேட்டு எழுதிய மனுவில் அவருடைய ஷிப்டைச் சேர்ந்த பெண்கள் அனைவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் பின்வாங்கவில்லை. மானேஜ்மெண்ட் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் வரும்வரை அந்த மனுவோடு நாம் மில் வாசலில் நிற்போம்.